மட்டமும் வாட்டமும்

மனித உடலின் வலிமை பிறப்பு முதல் இறப்பு வரை ஒரே அளவில் நிற்பதில்லை. இதை ஏற்றுக்கொண்டு, அம்மாற்றங்கள் நேரும் காலங்களில் பெரிய இடிப்புக்கும் செலவுக்கும் ஆளாகாமல் திருத்திக்கொள்ளும்படி முன்கூட்டியே திட்டமிடப்பட்ட வீட்டைத் தகவமை வீடு எனலாம். அணுகத்தக்க வீடு என்பதிலிருந்து இதைப் பிரித்தறிய வேண்டும். சாய்தளம், கைப்பிடி, அகன்ற கதவு ஆகியவை குடிபுகும் நாளிலேயே பொருத்தப்பட்டிருப்பது அணுகத்தக்க வீடு. அவற்றுள் பல இன்னும் பொருத்தப்படாமல், ஆனால் பொருத்துவதற்கு வேண்டிய இடமும் வலுவும் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் சேர்க்கப்பட்டிருப்பது தகவமை வீடு. முன்னது தெரிந்த ஒருவரின் தெரிந்த தேவைக்குத் தரப்படும் விடை. பின்னது யாருக்கு, எப்போது, எவ்வகையில் வரும் என்று தெரியாத தேவைக்காக விட்டுவைக்கப்படும் இடம். தமிழ்நாட்டில் இத்தகைய வீடுகளை வரைந்தும் கட்டியும் பழகியவர்கள் கடைசியில் வந்து சேரும் முடிவு ஒன்று உண்டு: இங்குள்ள வீடுகளில் தடையாக நிற்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அக்காரணத்துக்கு வேறொரு விடை தராமல் படியை மட்டும் நீக்கினால், வீட்டுக்காரரே கொத்தனாரை வரவழைத்து அதைத் திரும்பக் கட்டிவிடுவார்.

இத்துறையின் தொடக்ககால நூல்களும் அளவுகளும் பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருவானவை. இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் செல்வின் கோல்ட்ஸ்மித் 1963 இல் உடல் ஊனமுற்றோருக்கான வடிவமைப்பைப் பற்றி விரிவான கையேடு ஒன்றை வெளியிட்டார். ஒன்பது வயதில் அதே நோய்க்கு ஆளாகிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ், தனிப்பிரிவினருக்கென்று ஒதுக்காமல் அனைவருக்கும் பொருந்தும்படி வடிவமைப்பது என்ற கருத்துக்குப் பெயரும் உருவும் கொடுத்தார். அக்கருத்தின் ஏழு கோட்பாடுகள் 1997 இல் வட கரோலினாவில் தொகுக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜோசப் ரௌன்ட்ரீ அறக்கட்டளை முன்வைத்த வாழ்நாள் வீடு என்னும் திட்டம், சாதாரணக் குடும்பங்களுக்கான வீட்டிலேயே 16 கூறுகளைச் சேர்த்துவிட்டால் முதுமையோ நோயோ வரும்போது வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை என்று காட்டியது. 1999 முதல் அந்நாட்டில் புதிய வீடுகளுக்கான கட்டட விதிகளிலும் இக்கருத்தின் ஒரு பகுதி இடம்பெற்றது. இவை அனைத்தும் பயனுள்ளவை என்றாலும், செருப்பை வாசலில் விட்டு, தரையில் அமர்ந்து, வாளியில் நீர் மொண்டு குளித்து வாழும் வீட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை அல்ல.

தமிழ்நாட்டில் இச்சிக்கல் முதன்முதலில் கூர்மையாகத் தெரியவந்த இடங்களுள் மறுவாழ்வு மையங்களும் அடங்கும். 1954 இல் நேர்ந்த சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1966 இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. தண்டுவடம் முறிந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981 இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம் தென்கோடிக் கிராமங்கள் வரை அப்பணியைக் கொண்டுசென்றது. இத்தகைய மையங்களில் நோயாளி கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் தாமே மாறக் கற்றுக்கொள்கிறார். ஆனால் அங்கே கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருக்கும், தரை ஒரே மட்டத்தில் இருக்கும், கதவு அகன்றிருக்கும். வீடு திரும்பியதும் குளியலறை வாசலில் உள்ள இரண்டு அங்குலத் திட்டு அப்பயிற்சியின் பெரும்பகுதியைப் பயனற்றதாக்கிவிடுகிறது. வாசலைத் தாண்ட ஒருவர், குளிப்பாட்ட ஒருவர் என்று துணைக்கு ஆள் தேவைப்படுகிறது. தனியே செய்யத் தெரிந்தவர் தனியே செய்ய முடியாதவராகிறார்.

மாறும் தேவை என்பதை முதுமை என்று மட்டும் கொள்வது ஒரு பொதுவான குறுகல். பெருமூளை வாதமுள்ள குழந்தையைத் தாய் இடுப்பில் தூக்கிச் செல்வது ஆறு வயது வரை நடக்கும். பதினான்கு வயதில் அப்பிள்ளையின் எடை தாயின் முதுகெலும்பைத் தாக்கும்போது, மாறியிருப்பது பிள்ளையின் நிலை அன்று, தூக்குபவரின் நிலை. பக்கவாதம் வந்தவருக்கு வலமோ இடமோ ஒரு பக்கமே உதவும் என்பதால் படிக்கட்டில் ஒரே பக்கம் கைப்பிடி வைத்த வீடு அவரை ஏற விடும், இறங்க விடாது. தசைச்சிதைவு நோயில் நடை, பிறகு நாற்காலி, பிறகு மின்நாற்காலி, பிறகு தூக்கிமாற்றும் கருவி என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டின் மீதான கோரிக்கை மாறுகிறது. நீரிழிவால் பார்வை மங்குபவருக்குப் படியின் விளிம்பு தரையின் நிறத்திலேயே இருப்பது ஆபத்து. அவருக்கு வேண்டியது அகன்ற கதவு அன்று, வேறு நிறத்தில் ஒரு பட்டைக் கல்.

இந்நாட்டுக்கே உரிய மற்றொரு நிலையை அயல்நாட்டுக் கையேடுகள் அறியவே இல்லை. இந்தியாவில் இயற்கையான இளம்பிள்ளைவாத வைரஸால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 சனவரியில். 2014 இல் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. அதற்கு முன் பாதிக்கப்பட்ட தலைமுறை இன்று நடுத்தர வயதிலும் முதுமையிலும் இருக்கிறது. அவர்களுள் பலர் வெளியே காலிப்பர் அணிந்தோ மூன்றுசக்கர வண்டியிலோ சென்றாலும், வீட்டுக்குள் கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்தே வாழ்ந்தவர்கள். அவர்களுக்குத் தாழ்ந்த குழாயும், தரையோடு அமைந்த கழிப்பறையும், வழவழப்பான ஆனால் வழுக்காத தரையுமே வசதி, 450 மி.மீ. உயரமுள்ள மேல்நாட்டுக் கழிப்பறைத் தொட்டி அவர்களுக்கு ஏற வேண்டிய ஒரு சுவர். ஆனால் பல்லாண்டு உடலின் எடையைத் தாங்கிய தோள்மூட்டுகள் ஐம்பது வயதுக்கு மேல் தேய்ந்து வலிக்கும்போது, அதே மனிதர் நாற்காலிக்கு மாறுகிறார். அன்று முதல் அவருக்கு உயரமான தொட்டியே தேவை. ஒரே வீடு, ஒரே ஆள், முற்றிலும் எதிரான இரு அளவுகள். தகவமைப்பு என்ற சொல்லின் முழுப்பொருளையும் வடிவமைப்பாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

வாசலிலிருந்து தொடங்கினால், முதல் சிக்கல் அடித்தள உயரம். தெருவிலிருந்து வீட்டுத் தரை இரண்டரை அடி முதல் நான்கடி வரை உயர்ந்திருப்பது நகர்ப்புறத் தமிழ்நாட்டில் வழக்கம். இதற்கு மழைநீர் ஒரு காரணம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இவ்வச்சம் மேலும் ஒரு படி உயர்ந்தது. மற்றொரு காரணம் சாலை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரை ஊற்றும் வழக்கத்தால் தெரு ஆண்டுக்காண்டு உயர்ந்து, ஐந்து படி ஏறிச் சென்ற வீடுகள் இரண்டு படி இறங்கிச் செல்லும் வீடுகளாக மாறியிருக்கின்றன; சுரண்டிய பிறகே சாலை போட வேண்டும் என்று 2021 இல் அரசு அறிவுறுத்தியும் வீட்டுக்காரர்களின் நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை. ஆகவே அடித்தளத்தைத் தாழ்த்தச் சொல்லும் வடிவமைப்பாளரின் பேச்சு எடுபடாது, எடுபடவும் கூடாது.

எஞ்சுவது சாய்தளம். சாய்தளம் என்றதும் மேஸ்திரியின் மனத்தில் தோன்றுவது இருசக்கர வாகனத்தை ஏற்றும் சிமெண்டுச் சரிவு. அது மூன்றடி ஓடி ஓரடி ஏறும். வண்டிக்கு இயந்திரம் உண்டு, நாற்காலிக்குக் கைகள் மட்டுமே உண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி ஓட்டம் என்பதால், இரண்டரை அடி உயரத்துக்கு 30 அடி நீளமும், நடுவில் மூச்சுவிட்டு நிற்க ஐந்தடிச் சமதளமும், மேலே கதவைத் திறக்க மற்றொரு ஐந்தடியும் வேண்டும். இதைக் கேட்டதும் வீட்டுக்காரர் மனையின் விலையைக் கணக்கிடத் தொடங்குவார். ஆனால் 40 அடிக்கு 60 அடியுள்ள ஒரு கிரவுண்டு மனையில் மதிலுக்கும் வீட்டுக்கும் இடையே எப்படியும் ஒரு நடைபாதை ஓடுகிறது. அப்பாதையையே முன்வாயிலிலிருந்து பின்கட்டு நோக்கி மெல்ல உயர்த்திக்கொண்டு போய், பக்கவாட்டுக் கதவு ஒன்றில் முடித்தால், சாய்தளம் என்ற பெயரே இல்லாமல் சாய்தளம் கிடைத்துவிடும். முன்வாசல் படிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் அப்படியே இருக்கலாம். தெரு மேலும் உயரக்கூடும் என்பதால் பாதையின் கீழ்முனையில் முதல் ஆறேழு அடியைக் கான்கிரீட்டில் போடாமல், மணல்மேல் பாவும் சிமெண்டுக் கற்களால் போட்டுவைத்தால், பிற்காலத்தில் கற்களைப் பெயர்த்து மீண்டும் மட்டம் பார்த்து அடுக்கிக்கொள்ள முடியும். அடித்தளத்தின் உயரத்தைத் தீர்மானிப்பதைவிடப் பாதையின் கீழ்முனையை உறுதியாக்காமல் விடுவதே இங்கு நுட்பமான முடிவு.

அடுத்த தடை நிலைப்படி. வாசற்காலின் அடிக்கட்டை தரைக்கு மேல் இரண்டு அங்குலம் எழுந்து நிற்பதும், அதில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதும் பெரும்பாலான வீடுகளில் விலக்க முடியாத வழக்கம். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய வடிவமைப்புகள் கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய வாரமே தோற்றுப்போயின; அடிக்கட்டை இல்லாத வாசலை வாசலாக வீட்டுப் பெரியவர்கள் ஏற்பதில்லை. பூச்சி, தேள், சாரல் ஆகியவற்றைத் தடுக்கும் வேலையையும் அக்கட்டை செய்கிறது என்பதையும் மறக்கலாகாது. நிலைத்து நின்ற தீர்வு, கட்டையை நீக்காமல் தரைக்குள் இறக்குவது: தேக்குக் கட்டையின் மேல்முகம் தரை மட்டத்திலிருந்து 12 மி.மீட்டருக்கு மேல் எழாதபடி பதித்து, இருபுறமும் சரிவாகச் செதுக்கிவிட்டால், மஞ்சள் பூச இடமும் இருக்கும், சக்கரமும் தடையின்றி ஏறும். சாரலுக்கு வெளியே அகன்ற சன்ஷேடும் கம்பிவலை மூடிய நீண்ட வடிகாலும், பூச்சிக்குக் கதவின் அடியில் ரப்பர்ப் பட்டையும் போதும். பக்கவாட்டுக் கதவுக்கு இந்த மரியாதைகள் எதுவும் எதிர்பார்க்கப்படுவதில்லை என்பது இத்தொழிலுக்குக் கிடைத்த சிறிய சலுகை.

கதவின் அகலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; கணக்கே பேசும். குளியலறைக்கு வழக்கமாக வைக்கப்படும் இரண்டரை அடி நிலையின் வெளி அளவு 30 அங்குலம். இருபக்கச் சட்டங்களும் இரண்டரை அங்குல வீதம் ஐந்து அங்குலத்தை எடுத்துக்கொள்ள, திறந்து நிற்கும் கதவின் கனம் மேலும் ஓரங்குலத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள, மிஞ்சுவது 24 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சராசரிச் சக்கர நாற்காலியின் அகலம் 25 முதல் 27 அங்குலம். மூன்றரை அடி நிலை வைத்தால் மட்டுமே 900 மி.மீ. தெளிவான வழி கிடைக்கும். கட்டும் நாளில் இதற்காகும் கூடுதல் செலவு சிறிது மரம். அவ்வளவுக்குச் செங்கல் மிச்சம்.

குளியலறைதான் இத்தொழிலின் முழுத் தேர்வு. மட்டம் என்பது ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும் சமநிலை. வாட்டம் என்பது தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கப்படும் சரிவு. நாற்காலிக்கும் தள்ளாடும் காலுக்கும் மட்டம் வேண்டும். தண்ணீருக்கு வாட்டம் வேண்டும். தலையில் ஊற்றிக் குளிக்கும் வழக்கத்தில் தண்ணீர் ஒரு மூலையில் நிற்பதில்லை, அறை முழுவதும் பரவுகிறது. ஆகவே கொத்தனார் குளியலறைத் தரையை இரண்டு அங்குலம் தாழ்த்துகிறார், அல்லது வாசலில் திட்டுக் கட்டுகிறார். தாழ்த்த வேண்டாம் என்று சொன்னால், “தண்ணி ரூமுக்குள்ள வந்துடுமுங்க சார்” என்பார்; அவர் சொல்வது சரி.

விடை, அறையை ஈரப்பகுதி, உலர்பகுதி என இரண்டாகப் பிரிப்பதில் இருக்கிறது. கதவிலிருந்து மிகத் தொலைவான மூலையில் குளிக்குமிடம். அங்கு மட்டும் அறுபதுக்கு ஒன்று என்ற வாட்டம். கழிப்பறைத் தொட்டியும் கைகழுவும் தொட்டியும் உள்ள உலர்பகுதி ஏறத்தாழ மட்டம். இரண்டுக்கும் இடையில் தரையோடு தரையாகக் கம்பிவலை மூடிய நீள வடிகால் ஒன்று. கதவின் அருகே இரண்டாவது வடிகால் ஒன்று. ஐந்தடி நீளமுள்ள ஈரப்பகுதிக்கு இவ்வாட்டத்தில் தாழ்வு ஓரங்குலமே என்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இந்த ஓரங்குலத்தைத் தளம் ஊற்றும் நாளிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். குளியலறைக் குழாய்களைப் புதைப்பதற்காகச் சுற்றியுள்ள தளத்தைவிட ஓரடி அளவுக்குத் தாழ்த்தி ஊற்றப்படும் குழித்தளத்தில், நிரப்புக் கல், நீர்க்காப்புப் பூச்சு, சிமெண்டுக் கலவை, டைல்ஸ் ஆகியவற்றின் கனங்களைக் கூட்டிப் பார்க்காமல் விட்டால், கடைசியில் படுக்கையறைத் தரையும் குளியலறைத் தரையும் சேரும் இடத்தில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதை டைல்ஸ் ஒட்டுபவரே தீர்மானிப்பார்.

டைல்ஸின் அளவும் இதில் சேரும். இரண்டடிச் சதுர டைல்ஸை இரு திசைகளில் வாட்டம் வரும்படி வளைக்க முடியாது; ஓரடிச் சதுரமோ அதற்கும் சிறியதோ வாட்டத்துக்கு எளிதில் இணங்கும், இணைப்புக் கோடுகள் கூடுவதால் காலுக்குப் பிடிப்பும் தரும். சொரசொரப்பான டைல்ஸ் வழுக்காது என்ற விற்பனையாளரின் உறுதி எண்ணெய்க் குளியல் உள்ள வீட்டுக்கு முழுமையாகப் பொருந்தாது. எண்ணெயும் சீயக்காய்த் தூளும் அச்சொரசொரப்பின் குழிகளை நிரப்பிவிடும். சனிக்கிழமை குளியலுக்குப் பின் சூடான நீரும் தேய்ப்பும் இல்லாவிட்டால் அத்தரை வழவழப்பான தரையைவிட ஏமாற்றும் தரையாகிறது. குளிக்குமிடத்தில் 450 மி.மீ. உயரத்தில் கருங்கல் பலகை ஒன்றைச் சுவரில் பதித்து இருக்கையாக்குவது எல்லா வயதினருக்கும் உதவுகிறது. குழந்தையைக் குளிப்பாட்டும் தாய் அதில் அமர்கிறாள், கர்ப்பிணி அமர்கிறாள், ஒருவரும் அதை ஊனமுற்றோர் இருக்கை என்று நினைப்பதில்லை.

கைப்பிடி பற்றிய தவறு சுவருக்குள் நிகழ்கிறது. விழப்போகும் மனிதர் பற்றும்போது கைப்பிடி ஏறத்தாழ அவரது முழு எடையையும் ஒரு நொடியில் தாங்க வேண்டும். இன்று பரவலாகப் பயன்படும் இலகு எடைக் கற்களும் துளைக் கற்களும் சாதாரணத் திருகாணியை அவ்வாறு பிடித்துக்கொள்வதில்லை. டைல்ஸோடு பெயர்ந்து வந்துவிடும். ஆகவே சுவர் எழும்போதே, தொட்டியும் இருக்கையும் வரும் பக்கங்களில், தரையிலிருந்து 600 முதல் 900 மி.மீ. வரையிலான உயரத்தில் கான்கிரீட்டுப் பட்டை ஒன்று ஊற்றிவைக்கப்படுகிறது. இப்பட்டைதான் தகவமைப்பின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு: அதற்கு உருவமில்லை, வீட்டின் அழகைக் கெடுப்பதில்லை, தேவை வராவிட்டால் நட்டமும் சொற்பம்.

குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், அல்லது சுவரோடு நகர வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடலே உட்புறம் திறக்கும் கதவை அடைத்துவிடும். கதவை உடைத்து மீட்ட வீடுகள் இத்தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடியதாக இருப்பது நல்லது.

சமையலறை மேடையின் வழக்கமான உயரம் 33 முதல் 36 அங்குலம். அதைத் தாங்குவது கடப்பாக் கல் செங்குத்துப் பலகைகள் அல்லது நாலரை அங்குலச் செங்கல் சுவர்கள். அமர்ந்து சமைப்பவருக்கு 30 அங்குலமும் முழங்கால் நுழைய அடியில் வெற்றிடமும் வேண்டும். மேடை முழுவதையும் தாழ்த்துவது நின்று சமைப்பவரின் முதுகுக்குத் தண்டனை. ஆகவே மேடையின் ஒரு நான்கடிப் பகுதியை மட்டும் செங்கல் தாங்கிகள் இல்லாமல், சுவரில் முடுக்கிய இரும்புத் தாங்கிகளின் மேல் வைத்துவிட்டால், பின்னாளில் அதை இறக்கவும் ஏற்றவும் இயலும். அடுப்புக்கும் கழுவும் தொட்டிக்கும் இடையில் மேடை துண்டிக்கப்படாமல் ஓட வேண்டும் என்பது இங்கு அயல்நாட்டுக் கையேடுகள் வலியுறுத்துவதைவிட முக்கியமானது. சோறு வடிக்கும் வீட்டில் கொதிக்கும் கஞ்சிப் பானையைத் தூக்காமல் இழுத்துக்கொண்டுபோய்த் தொட்டியோரம் சாய்க்க முடிகிறதா என்பதே மூட்டுவாதம் வந்த கைகளுக்கு வாழ்வா சாவா என்னும் கேள்வி.

மாடி வீடுகளில் வேறொரு பொருளியல் குறுக்கிடுகிறது. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு உரிமையாளர் மாடியில் குடியிருக்கும் வீடுகள் நகரங்களில் ஏராளம். வாடகைப் பகுதி என்பதால் அங்குள்ள குளியலறை மிகச் சிறியதாகவும் கதவுகள் குறுகியவையாகவும் அமைக்கப்படுகின்றன. பிறகு முழங்கால் தேய்ந்து உரிமையாளர் கீழே இறங்க நேரும்போது, தாம் பிறருக்கென்று கட்டிய குறைகளுக்குள் தாமே குடிபுகுகிறார். வீட்டின் சிறந்த குளியலறை கீழ்த்தளத்தில்தான் இருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் வற்புறுத்துவதன் காரணம் இது. படிக்கட்டைப் பொறுத்தவரை, தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புகளுக்கு 190 மி.மீ. வரை படி உயரத்தையும் குறைந்தது 250 மி.மீ. மிதியகலத்தையும் அனுமதிக்கிறது, வலிக்கும் முழங்காலுக்கு இதமானது 150 மி.மீ. உயரமும் 300 மி.மீ. மிதியும். மூன்று மீட்டர் தளத்துக்கு இந்த மாற்றம் நான்கு படிகளையும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத்தையும் கூட்டுகிறது. சிறிய மனையில் அந்த இரண்டு மீட்டர் கிடைப்பதில்லை. அப்போது செய்யத்தக்கது மின்தூக்கிக்கு இடம் விடுவது. ஐந்தடிச் சதுரத்தில் நான்கு பக்கமும் பீம் சூழ்ந்த தளத்துண்டு ஒன்றைத் திட்டமிட்டு, கீழும் மேலும் அதே இடத்தில் அலமாரி அறை அமைத்துவிட்டால், தேவை வரும்போது தளத்தை அறுத்தெடுத்தாலும் கட்டடத்தின் வலுவுக்குக் கேடு வராது.

தளம் ஊற்றும்போது ஊஞ்சலுக்கும் தொட்டிலுக்கும் கொக்கி வைக்கும் வழக்கம் இங்கு ஏற்கெனவே உண்டு. படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலேயும் குளியலறையை நோக்கிய கோட்டிலும் பொறியாளர் கணக்கிட்ட வலுவில் இரண்டு மூன்று கொக்கிகள் கூடுதலாக வைக்கச் சொன்னால் எவரும் மறுப்பதில்லை. பிற்காலத்தில் ஆளைத் தூக்கிமாற்றும் கருவியின் தண்டவாளத்தை அவை தாங்கும். அதே கோட்டில், படுக்கையறைக்கும் குளியலறைக்கும் இடையிலுள்ள சுவரில், ஏழடி உயரத்தில் லிண்டல் ஒன்றை ஊற்றி, அதன்கீழ் மின்கம்பியோ குழாயோ ஓடவிடாமல் சுவரைக் கட்டிப் பூசிவிடலாம். லிண்டல் என்பது கதவு, சன்னல்களின் மேல் சுவரின் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட்டுக் கட்டை. அது முன்னமே இருப்பதால், என்றைக்காவது கதவு வேண்டுமெனில் அடியிலுள்ள செங்கலை மட்டும் எடுத்தால் போதும்.

இவை அனைத்தையும் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பது தனிக்கலை. புதுவீடு கட்டும் வேளையில் ஊனம், பக்கவாதம், சக்கர நாற்காலி என்ற சொற்களை உச்சரிப்பது அபசகுனமாகக் கருதப்படுகிறது. எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே அனுபவமிக்கவர்கள் மூன்றரை அடிக் கதவுக்குப் பீரோவையும் சலவை இயந்திரத்தையும் காரணமாகச் சொல்கிறார்கள்; பக்கவாட்டுப் பாதைக்கு எரிவாயு உருளையையும் பேரக்குழந்தையின் தள்ளுவண்டியையும் சொல்கிறார்கள். இதில் சிறிது மறைப்பு உண்டு என்றாலும், சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. தகவமை வீட்டின் இயல்பே அது எல்லோருக்கும் பயன்படுவதுதான். சட்டமும் இவ்விடத்தில் துணைக்கு வருவதில்லை: 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அணுகல் விதிகள் பொதுமக்கள் வந்துபோகும் இடங்களையே முதன்மையாக நோக்குகின்றன, தனியொருவர் தமக்கெனக் கட்டும் வீட்டின் உட்புறம் அவருடைய விருப்பத்துக்கும் மேஸ்திரியின் பழக்கத்துக்கும் விடப்பட்டிருக்கிறது. நேரில் பார்த்தால் மனம் மாறுபவர்களுக்காகச் சென்னைக் காமராசர் சாலையில் 2022 இல் திறக்கப்பட்ட மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் காட்சியகம் இருக்கிறது. தகவமைத்த சமையலறையையும் குளியலறையையும் தொட்டுப் பார்க்க முடிவது வரைபடத்தால் இயலாததைச் செய்கிறது.

மறைத்துவைத்த வசதிகளுக்கு ஒரு குறை உண்டு: அவை மறந்துபோகும். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கைப்பிடி பொருத்த வரும் பிளம்பருக்குக் கான்கிரீட்டுப் பட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாது. வீட்டுக்காரர் நோயுற்றிருப்பார், வரைந்தவர் ஊரில் இருக்கமாட்டார். இதனால் டைல்ஸ் ஒட்டுவதற்கும் சுவர் பூசுவதற்கும் முந்தைய நாளில், அளவுநாடாவைச் சுவரில் விரித்துப் பிடித்து ஒவ்வொரு பட்டையும் லிண்டலும் குழாயும் தெரியும்படி ஒளிப்படம் எடுப்பது நல்ல பணியிடங்களில் நடைமுறையாகியிருக்கிறது. கைபேசியில் இருக்கும் படம் கைபேசியோடு போய்விடும். ஆகவே அதைத் தாளில் அச்சிட்டு, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் உள்ள தூரங்களைக் கையால் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வைக்கச் சொல்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் முப்பது ஆண்டு கழித்தும் தவறாமல் கிடைக்கும் தாள் அதுதான். வீடு கைமாறும்போதும் மூலப் பத்திரத்தோடு சேர்ந்து வாங்குபவர் கைக்குப் போய்விடும்.